இருக்கலாம்

செவ்வாய்ப்பேட்டைக் கடையில்
ஜவ்வரிசி வடாம் பாக்கெட்டைத் திருப்புகிறேன்.
விலைக்கும் தேதிக்கும் கீழே
எறும்பு ஊர்ந்தது போல் ஒரு வரி:
நிலக்கடலையின் சுவடு இருக்கலாம்.

சுவடு.
யார் நடந்து போனது?

போன சித்திரையில் ஏற்காட்டுப் பேருந்து.
பதினோராவது வளைவில்
முன் சீட்டுக்காரர் நீட்டிய கடலை பர்பி,
பாதிகூட இல்லை.
சஷ்டிகாவின் உதடு தடித்தது, பிறகு குரல்.
வண்டியைத் திருப்ப இடமில்லை.
மேலே போவதா, கீழே இறங்குவதா என்று
ஐம்பது பேர் ஓட்டுப் போட்டார்கள்.

அன்றிலிருந்து நான் வாசிப்பது
இந்த ஒரு வரியைத்தான்.
பிஸ்கெட்டில் இருக்கலாம். சேமியாவில் இருக்கலாம்.
ஒருமுறை உப்பிலும் இருக்கலாம்.
எல்லாவற்றிலும் அடித்து வைத்தால்
வழக்கு வராது.
அவளுக்குத் தின்னவும் ஒன்றும் வராது.

முகவரியைப் பிடித்து
அம்மாபேட்டைக் கம்பெனிக்கே போனேன்.
பாக்கெட் ஒட்டும் பாவாயக்கா
கையை நிறுத்தவில்லை:
"காலைல கடலை ஓடும்ங்க.
மத்தியானம் வடாம். அதே மிஷின்தான்.
நடுவுல ஈரத்துணி போட்டுத் தொடைப்பேன்.
இன்னிக்குத் தொடைச்சேன்.
நேத்துக் கரண்டு போயிருச்சு, தொடைக்கல."
அப்புறம்தான் நிமிர்ந்தார்.
"பாப்பாவுக்கு வேணாங்க."

வேணாங்க.
எந்த அச்சகமும் இதுவரை
எனக்கு இப்படிச் சொன்னதில்லை.

வெளியே ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து
சஷ்டிகா கமலா ஆரஞ்சை உரிக்கப் போனாள்.
"ஒரு நிமிஷம், குடு" என்று வாங்கி
அதையும்
திருப்பிப் பார்த்தேன்.