படிவத்தில் ஏழாவது கட்டம்

பாஸ்போர்ட்டில் என் பெயர் பனிமயம்.
ஆங்கில எழுத்தில் ஏறிவிட்டால்
பனியா பணியா, கடவுளுக்கே வெளிச்சம்.
ரொஃபிகுல் அதைப் பாதியில் நறுக்கி
'பானி பாய்' என்கிறான்.
அவன் மொழியில் பானி என்றால் தண்ணீர்.
இருக்கட்டும். மூன்றுமே வேண்டியிருந்தது.

ராஸ் அல் கைமாவுக்கு வெளியே,
மலைக்கும் கடலுக்கும் இடையில்
நாலாயிரம் சோலார் பேனல்கள்.
குவாரித் தூசி ராத்திரியில் வந்து படுக்கும்,
காலை வெயில் அதைச் சுட்டு சிமென்ட் ஆக்கும்.
அப்புறம் குல்ஷேர் கானின் டேங்கர் வரும்.
கடலைக் குடிநீராக்கிக் கொண்டுவந்த தண்ணீர்;
ஆக்கியது எரிவாயு.
சூரியன் விழும் கண்ணாடியைக் கழுவ
வாயுவை எரித்துக்கொண்டிருந்தோம்.
யாருக்கும் சிரிப்பு வரவில்லை.
சம்பளம் சரியாக வந்தது.

ஒரு ஜனவரியில் ரொஃபிகுல் சொன்னான்:
நாலேகாலுக்குக் கையை வை.
வைத்தேன்.
உள்ளங்கை நனைந்தது. தூசி நெகிழ்ந்து
விரலோடு வந்தது, கஞ்சி ஆடை மாதிரி.
"அஞ்சரைக்கு வைத்தால் வராது" என்றான்.
ஆறு வருஷமாக அவனுக்குத் தெரியும்.
யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

நான் மௌஸாவிடம் சொன்னேன்.
வெள்ளை ஹெல்மெட், இந்த ஊர்ப் பெண்.
நம்புகிறேன் என்று சொல்லவில்லை.
மறுநாள் நாலு மணிக்கு வந்து
வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.
பத்தொன்பது ராத்திரி.
பனி எடை, காற்று, கண்ணாடியின் சூடு
எல்லாம் ரோவினாவின் கணினிக்குப் போய்
கோடாகத் திரும்பி வந்தது.
துடைப்பான் செய்தது குல்ஷேர்.
குவாரியில் கழித்துப்போட்ட பெல்ட் ரப்பரை
நாக்கு நாக்காகக் கீறி,
சட்டத்தில் வரிசையாகப் பற்றவைத்தான்.
தண்ணீர் ஒரு சொட்டு வேண்டாம்.
இறங்குகிற பனியே போதும்.

வளைகுடா நாடுகள் எல்லாம் சேர்ந்து
புதுமைக்குப் பணம் தருகிறார்களாம்.
படிவம் திரையில் திறந்தது.
ஏழாவது கட்டம்: கண்டுபிடித்தவரின் பட்டம்.
இளங்கலை, முதுகலை, முனைவர்.
பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
ரொஃபிகுல் ஐந்தாம் வகுப்பு.
மூன்றில் எதைத் தொட்டாலும் பொய்.
தொடாமல் விட்டால் அடுத்த பக்கம் போகாது.

"உன் பெயர் மட்டும் போடு" என்றேன் மௌஸாவிடம்.
அவள் என்னைப் பார்த்த பார்வையில்
நான்தான் படிவம் போல இருந்தேன்.
போன் செய்தாள். அரபியில் கெஞ்சினாள்,
பிறகு அரபியில் கெஞ்சவில்லை.
நாலாம் நாள் அந்தக் கட்டத்தில்
புதிதாய் ஒரு வரி முளைத்திருந்தது:
மற்றவை.

ரொஃபிகுல் மற்றவை ஆனான்.
குல்ஷேர் மற்றவை.
ஐ.டி.ஐ. சான்றிதழ் வைத்திருந்தும்
நானும் மற்றவை.
பெட்டிக்குள் நெருக்கியடித்து நின்றோம்.
ஆனாலும் பெட்டி.

மனாமாவில் கூட்டம். மௌஸாவும் ரோவினாவும் போனார்கள்,
எங்களுக்கு விசா சேதி தாமதமாக வந்தது.
கூட்டத்தில் குவைத்காரர் ஒருவர்
துடைக்கும் நேரத்தை எந்தச் சென்சார் சொல்கிறது
என்று கேட்டாராம்.
மௌஸா அங்கிருந்தே போன் போட்டாள்.
ரொஃபிகுல் தூக்கத்தில் எழுந்து
தன் வலது கையைக் கேமராவில் காட்டினான்.
அரங்கு அமைதியானதாம்.
எதற்கு அமைதியானது என்று
ரோவினா சொல்லவில்லை.

பணம் வந்தது. சட்டங்கள் இப்போது நாற்பது.
ஒமான் எல்லையில் ஒரு பள்ளிக்கூடமும்
மாதிரி கேட்டு எழுதியிருக்கிறது.

டேங்கர் மட்டும் வருவதில்லை.
குல்ஷேர் விடியலில் சட்டங்களை ஏற்றி இறக்குகிறான்.
முன்பு ஒரு நடைக்கு இத்தனை என்று
சம்பளத்துக்கு மேல் கிடைத்த காசு நின்றுபோனது.
அதை நிறுத்திய ரப்பர்
அவன் கையால் கீறியது.
நேற்று சுலைமானி குடித்தபடி கேட்டான்:
"பானி பாய், இதை எழுத
அதில் எந்தக் கட்டம்?"

படிவத்தை மறுபடி திறந்து
ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
மணி நாலு பத்து.
ரொஃபிகுல் கை நீட்டிவிட்டான்.