இருபத்தோராம் நாள்

குழி என் இடுப்பளவு.
பிளாஸ்டிக் விரித்து, பார்லி வைக்கோலை
அடுக்கடுக்காய் மிதித்து,
யூரியா கரைத்த நீரைப் பூவாளியால் தெளித்தேன்.
நூறு கிலோவுக்கு ஐந்து கிலோ உப்பு.
அந்த ஐந்தும் வயலுக்கென்று வாங்கியது.
கொழுந்தன் கஷாவ் வரப்பில் நின்று
"பயிர் வாயில் போடவேண்டியதை
ஆட்டு வாயில் போடுகிறாய்" என்றான்.
நான் மண்ணள்ளி மூடினேன்.
கல் வைத்தேன். கல்லின் மேல் இன்னொரு கல்.

மெஹல் மேடாவில் அந்த வாரம்
விடியற்காலைப் புல் காலடியில் நொறுங்கியது, அவ்வளவு குளிர்.
குழிமேல் காது வைத்துக் கேட்ட என் மகள் அயால்நேஷ்
"வைக்கோல் தூங்குகிறது" என்றாள்.
ஆறு வயதுக்கு அது போதும்.

இருபத்தோராம் நாள் ஓரத்தைத் திறந்தேன்.
நெடி முகத்தில் அறைந்தது,
ஊர்த் தொழுவமெல்லாம் சேர்ந்து
என் கண்ணுக்குள் மூத்திரம் பெய்தது போல.
அழவில்லை, கண்தான் வழிகிறது என்று
கஷாவிடம் சொல்லவேண்டியிருந்தது.
மஞ்சளாய்ப் போன வைக்கோல்
வடிக்காத தேனின் நிறத்தில் திரும்பியிருந்தது.
ஒடித்தேன். ஒடியாமல் வளைந்தது.

ஓர் இரவு காற்றாட விட்டு
மூன்று கிடாக்குட்டிகளுக்கு முன் போட்டேன்.
முகர்ந்து, தும்மி, பின்வாங்கின.
மறுநாளும் அப்படித்தான்.
ஓடைக்கரைப் புல்லை நறுக்கிக் கலந்தேன்.
புல்லைத் தேடிய உதடுகள்
வைக்கோலையும் அள்ளிப் போயின.
ஏமாற்றுத்தான்.
ஏமாந்தவர்களுக்கு எடை கூடியது.

பிறகு பெருநோன்பு.
ஐம்பத்தைந்து நாள் பாலில்லை, நெய்யில்லை, கறியில்லை.
பொழுது சாயும்வரை தண்ணீரும் இல்லை.
அதற்குமேல் கடலைமாவுக் குழம்பும் இன்ஜெராவும்.
என் வளையல் முழங்கைவரை ஏறியது,
குட்டிகளின் முதுகெலும்பு சதைக்குள் இறங்கியது.
ஞாயிறுதோறும் வாசல் மரத்தில் தராசு கட்டிச்
சாக்கில் தூக்கினோம்.
பதினைந்து. பதினேழரை. பத்தொன்பது.

தன்னையும் தூக்கச் சொன்னாள் அயால்நேஷ்.
தூக்கினேன்.
பதினாறு.
முள்ளைத் தட்டினேன். பதினாறேதான்.
தராசை அவிழ்த்து உள்ளே வைத்துவிட்டு
பக்கத்து வீட்டில் ஒரு குவளைப் பால் கடன் கேட்டேன்.
பிள்ளைகளுக்கு நோன்பில்லை;
அதை நான்தான் மறந்திருந்தேன்.
அடுத்த ஞாயிறு தராசை எடுக்கவில்லை.
அதற்கடுத்த ஞாயிறும்.

பண்டிகைக்கு மூன்று நாள் முன்
தெப்ரே பிர்ஹானிலிருந்து லாரி வந்தது.
வியாபாரி இடுப்பில் விரலழுத்தினான்,
வால் கொழுப்பை உள்ளங்கையில் ஏந்தினான்.
"என்ன கொடுத்தாய்?"
"வைக்கோல்."
நம்பவில்லை.
நம்பாததற்கும் சேர்த்து விலை சொன்னேன்.
கொஞ்சம் இறங்கினேன், அவன் கொஞ்சம் ஏறினான்.
மூன்றாவது குட்டி லாரியில் ஏற மறுத்தது.
நான் கையை நீட்டினேன்.
விரலிலிருந்த நெடியை நக்கிக்கொண்டே ஏறிவிட்டது.

வயல் வழியாகத் திரும்பினேன்.
உப்பு கிடைக்காத மேற்கு ஓரம் மட்டும்
மஞ்சளாய், குட்டையாய் நின்றது.
கஷாவும் பார்த்தான்.
யூரியா மூட்டைக்கு இரண்டு பங்கு பணத்தை எண்ணி
அவன் கையில் வைத்தேன்.
எண்ணிப் பார்க்காமல் மடித்துக்கொண்டான்.

சேவல் கூவி நோன்பு விட்டோம்.
அயால்நேஷ் கோழிக் காலை எலும்புவரை உறிஞ்சினாள்.
விடிந்ததும் தராசின் கொக்கிக்கு எண்ணெய் போட்டு
சாக்கை உதறி விரித்தேன்,
வெயிலில் காயட்டும் என்று.
அவளே வந்து
அதற்குள் உட்கார்ந்துகொண்டாள்.