நேரசூசி, இரண்டாம் தவணை

ஒரு நாளைக்கு எட்டுப் பாடவேளை, ஐந்து நாள், முப்பத்தொரு வகுப்பு.
பெருக்கினால் ஆயிரத்து இருநூற்று நாற்பது கட்டம்.
பென்சிலால்தான் நிரப்புவேன்.
பேனை பிடித்த வருடம்
மூன்று தாள் கிழிந்தது.

கணிதத்துக்கு ஐந்து பேர் வேண்டும். மூன்று பேர்.
அதிலும் பவளராணி டீச்சர்
படியேற மூச்சு வாங்குகிறார்; ஜூலையில் பிரசவம்.
பத்து ஆவை அவருக்காகக் கீழ்மாடிக்கு இறக்கினேன்.
மனையியல் படித்த சஹீலாவுக்குப் பின்னம் கொடுத்தேன்.
"கேக்கை எட்டாக வெட்டினால் வரும் சேர்,
அதுக்கு மேல எனக்கு வராது" என்றா.

எட்வின் சேர் மாலைதீவில்.
சம்பளமற்ற விடுமுறை.
மாகாணத் திணைக்களத்தின் பட்டியலில் மட்டும்
இன்னும் எங்களோடுதான் நிற்கிறார்,
ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் படிப்பித்தபடி.

காசிலிங்கம் சேர் மாசியில் போய்விட்டார்.
அவரையும் யாரும் வெட்டவில்லை.
இறந்தவர் கிழமைக்கு இருபத்தெட்டுப் பாடம் எடுக்கிறார்.
உயிரோடு இருந்தபோது
வெள்ளிக்கிழமைகளில் கொஞ்சம் பிந்துவார்.
இப்போது அதுவும் இல்லை.

ஒன்பது இயில் மூன்றாம் பாடம், செவ்வாய்.
சத்தம் உட்துறைமுக வீதி வரை கேட்டிருக்கும்.
பிரம்பில்லாமல் ஓடினேன்.
ஓடும்போதே சத்தம் நின்றது.
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
வாசலில் நின்று
வெண்கட்டிப் பெட்டியை முகர்ந்து கொண்டிருந்தது.
கடைசி வாங்கிலிருந்து றிஸ்னா சொன்னாள்:
"பதில் பாடத்துக்கு ஆள் வந்திட்டு சேர்."
நானும் சிரித்தேன்.
பிறகு கந்தோரில் வந்து இருந்து
நெடுநேரம் அந்தக் கட்டத்தையே பார்த்தேன்.

புதன்கிழமை கடிதம்.
தங்கள் பாடசாலையில் மேலதிக ஆசிரியர்கள் இருவர்.
பெயர்களை ஒரு வாரத்துள் அறியத்தரவும்.

உவர்மலைக்கு ஏறினேன்.
மின்விசிறி இல்லாத அறை. அதிகாரி நல்ல மனிதர்,
தன் தேநீரை எனக்குத் தள்ளினார்.
வெருகல் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் கோப்பைத் திறந்தார்.
நூற்று நாற்பத்தாறு பிள்ளைகள், ஆசிரியர் மூவர்.
அதிபரே மணி அடிக்கிறார்,
அதிபரே கணிதம், அதிபரே கிணற்றுக்கு வாளி வாங்குவது.
"நகரத்தில இருந்து கொண்டு
நீங்கள் இல்லை எண்டு சொன்னா
நான் யாரிட்டப் போறது, மாஸ்டர்?"
எனக்குப் பதில் வரவில்லை.
தேநீரைக் குடித்தேன். சீனி கூட.

யாரைக் கொடுப்பது?
சின்னப் பிள்ளை இல்லாதவர்,
வீட்டில் நோயாளி இல்லாதவர்,
மந்திரியைத் தெரியாதவர் என்று
கழித்துக் கழித்து வந்தால்
மிஞ்சுவது எப்போதும் வாய் திறவாத ஒருத்தி.
சென்ற முறை நிரோஜினி.
போகும்போது
தன் பெயர் எழுதிய கதிரைத் திண்டை
மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்த இரவு
பட்டியலை எடுத்தேன், பேனையால் எழுதினேன்:
ஒன்று, எட்வின்.
இரண்டு, காசிலிங்கம்.
திணைக்களம் கேட்டது பெயர்கள்தானே.
முத்திரை குத்தும்போது கை நடுங்கவில்லை,
கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பத்தாம் நாள் தொலைபேசி.
கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர் தாண்டி,
சேருநுவரவும் தாண்டி
காற்றுக்குள் இருந்து ஒரு குரல்.
அந்த அதிபர்.
"கடிதம் கிடைச்சது சேர்,
கடவுள் போல செய்தீங்கள்.
விடுதி அறைக்குச் சுண்ணாம்பு அடிச்சிட்டம்.
பெற்றோர் ஒரு கட்டில் தந்திருக்கினம்.
காசிலிங்கம் மாஸ்டர்
கணிதம் நல்லாப் படிப்பிப்பார்தானே?"

வெளியே ஆறாம் பாட மணி.
எந்த வகுப்புக்கு யார் என்று
யாரோ வாசலில் வந்து கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"நல்லாப் படிப்பிப்பார்" என்றேன்.
"எப்ப வருவார் சேர்?"