வியாழன், மூன்றிலிருந்து ஐந்து வரை

பாரி நகரில் எங்களுக்கு
வியாழன் பிற்பகல் மட்டும்தான் சொந்தம்.
ரயிலடிப் பூங்காவில் சியாலாவின் போனை
பால் பெட்டியில் சாய்த்து வைத்து
மூன்று தலைகள் முட்டிக்கொண்டு பார்த்தோம்.

படத்தில் எங்கள் குட்டாய்ஸிக்கு
வேறு பேர், வேறு கொடி, வேறு போலீஸ்.
கடைப்பலகையெல்லாம் எங்களுக்கே வாசிக்கத் தெரியாத எழுத்து.
ரியோனி ஆறு மட்டும் நடிக்கவில்லை:
அதே சேற்று நிறம், அதே இரைச்சல்.

ஹீரோவைத் துரத்துகிறார்கள். துரத்தட்டும்.
"கொஞ்சம் தள்ளுடா, ரொட்டிக்கடை தெரியட்டும்"
என்கிறாள் நானுலி.
சந்தைக்குள் நுழைந்த கார்
மறுநொடி கல்லறைத் தோட்டத்தருகே வெளியே வர
சிரித்துச் சிரித்துப் புரையேறியது அவளுக்கு.
நடுவுல ஆறு இருக்கே, பாவி!

பிறகு ஒரு மாடிப்படி.
பச்சைச் சுவர், மூன்றாம் படியில் விரிசல்.
நான் பேச்சை நிறுத்தினேன்.
துப்பாக்கியோடு வந்தவன் ஓங்கி உதைத்தது
என் வீட்டுக் கதவை.

சும்மா கதவா அது?
யாரோ ஒரு கிழவரின்
நாலு மாதத்து மூத்திரத் துணியும் முதுகுப் புண்ணும்
ஓக் பலகையாகி, பித்தளைப் பிடியாகி
நிமிர்ந்து நின்ற கதவு.

"நல்ல காசு குடுத்திருப்பாங்களே" என்றாள் சியாலா.
தம்பி சொல்லவே இல்லை.
பின்னுக்குத் தள்ளித் தள்ளி
ஏழு முறை உடைத்துப் பார்த்தோம்.

ஐந்தாகப் பத்து நிமிடம். மாத்திரை நேரம்.
நடந்துகொண்டே ஊருக்குக் கூப்பிட்டேன்.
சாப்பாடு, மழை, அவன் மகளுக்கு விழுந்த பல்.
"கதவு எப்படி இருக்கு, முர்மான்?"

எதிர்முனையில் ஒரு பஸ் கடந்து போகும் நேரம்.

"நல்லா இருக்குக்கா.
மழைக்குத்தான் கொஞ்சம் இறுகுது."