கோரம்

டோக்கன் என்றால் எனக்குத் தெரிந்தது
ரேஷன் கடை அட்டைத் துண்டு.
முன்னால் நிற்பவருக்கும் ஒன்று,
பின்னால் நின்று இடிப்பவருக்கும் ஒன்று.

இது வேறு.
வேளச்சேரி, நாலாவது குறுக்குத் தெரு.
தண்ணீர் வந்து போன வருடம்
தலைவர் வேண்டாம், செயலாளர் வேண்டாம்,
ரசீதுப் புத்தகத்தோடு ஓடிப்போகப்
பொருளாளரும் வேண்டாம் என்று
தெருப் பணத்தை ஒரு நிரலுக்குள் பூட்டினோம்.
சாவி யாரிடமும் இல்லை.
ஆயிரம் ரூபாய்க்கு ஒரு டோக்கன்,
டோக்கனுக்கு ஒரு வாக்கு.

நான் தரைத்தளம், வாடகைக்கு.
நாலாயிரம் போட்டேன், நாலு வாக்கு.
மேலே மூன்று மாடிக்கும் சொந்தக்காரர் ராஜசிம்மன்
டல்லாஸில் இருக்கிறார்.
அறுநூறு.

பதினேழாவது முன்மொழிவை எழுதியவள் நான்தான்:
"டீசல் பம்பு ஒன்று, நூறடி ஓஸ்,
ஐப்பசி முடிவதற்குள்."
முன்மொழியவே இருபது டோக்கன் வேண்டுமாம்.
நாலை வைத்துக்கொண்டு
பதினாறு கேட்டுத் தெருவில் நடந்தேன்.
இஸ்திரிக் கடை கன்னியப்பன் இரண்டு,
மெடிக்கல் ஷாப் ஷகிலா பானு ஐந்து,
ட்யூஷன் எடுக்கும் ஹெப்சிபா ஒன்பது.
டோக்கன் அவர்களிடமேதான்,
வாக்கு மட்டும் என் பேரில்.

கொடுத்த வாக்கைத் திரும்பப் பெற முடியாது
என்றல்லவா நினைத்திருந்தேன்?
ஒரு பொத்தான் போதும்.
கன்னியப்பன் இரண்டு முறை எடுத்து
இரண்டு முறை கொடுத்தார்.
"சும்மா, வேலை செய்யுதான்னு பாத்தேம்மா."

மூன்று நாள் வாக்குப்பதிவு.
இருக்கும் ஆயிரத்து ஐநூறில்
நானூற்றைம்பதாவது விழ வேண்டும்.
அந்த அளவுக்குப் பெயர் கோரம்.

முதல் நாள் மாலை கைப்பேசி சொன்னது:
கோரம் போதவில்லை.
வளையலை வைத்து இன்னும் பத்து வாங்கவா என்றாள் ஹெப்சிபா.
செல்லாது.
முன்மொழிந்த நொடியில் கையில் இருந்ததுதான் கணக்கு.
இரண்டாம் நாள்,
கைநாட்டு என்று ஏச்சு வாங்கியவர்களெல்லாம்
கண்ணாடித் திரையில் கட்டைவிரல் வைத்தார்கள்.
முந்நூற்றுப் பத்து.
எதிர்ப்பு பூஜ்யம்.
கோரம் போதவில்லை.

அந்த வருடம்
இடுப்பளவுத் தண்ணீரில் ஷகிலா பானு
இன்சுலின் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு
விடிய விடிய நின்றாள்.
இன்னும் எவ்வளவு கோரம் வேண்டும்?

மூன்றாம் நாள் இரவு பதினொன்று நாற்பது.
டல்லாஸில் மதியச் சாப்பாட்டு நேரம்.
அறுநூறும் ஒரே அடியாக விழுந்தது.
ஆதரவு.

தெருவே கத்தியது. யாரோ சரவெடி கொளுத்தினார்கள்.
படுத்த பிறகுதான் கணக்குப் போட்டேன்.
கோரத்துக்கு அவர் ஒருவரே போதும்.
எங்கள் விரல்கள் எதுவும் தேவைப்பட்டிருக்கவில்லை.
ஒரு கவளத்துக்கும் அடுத்த கவளத்துக்கும் நடுவே
அவர் விரல் பக்கத்துப் பொத்தானில் பட்டிருந்தால்?

நிறைவேறிய தீர்மானமும் உடனே நடக்காது.
நாற்பத்தெட்டு மணி நேரம் பூட்டு.
பிடிக்காதவர்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு
வெளியேற அவகாசம்.
நியாயம்தான். அந்த விதிக்கு நானும் கைதூக்கியிருந்தேன்.

முப்பத்தோராவது மணியில் மழை பிடித்தது.
நாற்பதில் வாசற்படி.
நாற்பத்து நாலில் கட்டில் கால்.
ஃபோனைத் தலைக்கு மேல் பிடித்து
நொடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
சரியாக நாற்பத்தெட்டில் பணம் போனது,
ஒரு பைசா குறையாமல்.
யாரும் ஏமாற்றவில்லை. யாரும் ஓடவில்லை.
கிண்டியில் பம்புக் கடைக்காரர் சொன்னார்:
"வந்துடுச்சும்மா.
வண்டிதான் வராது, ரோடெல்லாம் தண்ணி."

மாடிப்படியில் உட்கார்ந்து
பதினெட்டாவதை எழுதத் தொடங்கினேன்:
"வீட்டுக்குள் ஏறும்
ஒவ்வோர் அங்குலத் தண்ணீருக்கும்
ஒரு வாக்கு."
முன்மொழிய இருபது வேண்டும்.
என்னிடம் நாலு.
இரண்டு படி கீழே கன்னியப்பன்
நனைந்த ஃபோனை
நனைந்த வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார்.