பனியடிமை

நீரோடியில் என் அடுக்களைக்குள் நின்றால்
போன் கேரளத்தைப் பிடிக்கும்.
முற்றத்துக்குத் துணி காயப்போடப் போனால்
தமிழ்நாடு வந்துவிடும்.
அவர் கூப்பிடும்போது நான் நிலைப்படியில்தான்,
ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

பனிமய மாதாவுக்கு நேர்ந்து பெற்ற பிள்ளை.
ஞானஸ்நானப் புத்தகத்தில் பெயர் பனியடிமை.
ஐஸ் பிளாண்டைத் தவிர வேறு பனி அறியாத கரை
துணிந்து வைத்த பெயர்.
முப்பத்தொன்பது வயதில் பலித்துவிட்டது.
நார்வேயின் வடக்கில் ஒரு தீவு,
மீன் காயவைக்கும் கம்பெனி.
அங்கே யார் வாயிலும் பெயர் முழுதாக நிற்கவில்லை,
பானி என்கிறார்களாம்.
இந்திக்காரனுக்கு அது தண்ணீர் என்றேன்.
சரிதானே,
உருகிவிட்டேன் என்றார்.

முதல் மாதம் வந்த படத்தில்
கூரை போட மறந்த வீடுகள்போல் மரச்சட்டங்கள்.
வாலோடு வால் கட்டி
சோடி சோடியாகத் தலையில்லாத மீன்.
எவ்வளவு உப்பு?
உப்பே இல்லை, குளிரும் காற்றும்தான்.
எத்தனை நாள்?
மூன்று மாதம்.
பாறசாலைச் சந்தையில் கருவாடு விற்கிறவளிடம்
இதைச் சொல்ல ஒருவருக்குத் தைரியம் வேண்டும்.
என் சரக்கில் மூன்றாம் நாளே
காக்காய் தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

தலைகளைக் கயிற்றில் கோத்து ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுவார்கள்.
நாக்குகள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு,
காலங்காலமாக அவர்களுக்கென்று விட்ட உரிமை.
அறுத்து விற்ற காசில் ஒரு பையன் மோட்டார்ப் படகே வாங்கினானாம்.
அன்று முழுவதும் என் மகன் ஷெர்லின்
ஒவ்வொரு சாளையின் வாயையும் திறந்து பார்த்தான்.

அந்தக் காலத்தில்
குளிர் முற்றியதும் தூரத்துக் கரைகளிலிருந்தெல்லாம்
துடுப்பு வலித்தே வருவார்களாம் மீனுக்கு.
கவிழ்த்த படகுக்கடியில் உறக்கம்.
பிறகு ஒரு ராசா குடில்கள் கட்டிக்கொடுத்து
மீனுக்கு வரி போட்டானாம்.
நல்ல ராசா, வீட்டை முதலில் கட்டியிருக்கிறான் என்றேன்.
எங்கள் தெருவில் இரண்டு வரிசை வீடுகளைக் கடல் எடுத்தபிறகு
கல் இறக்க வந்தது லாரி.

டிசம்பரில் அங்கே சூரியன் எழும்பவே இல்லை.
கூட மீன் அறுக்கும் சோல்வெய்க் ஒரு கதை சொன்னாளாம்.
கடலில் செத்து மண் கிடைக்காதவன்
பாதிப் படகில் வருவான்,
தலை இருக்கவேண்டிய இடத்தில் பாசிக்கொத்து,
புயலுக்கு முந்தி அவன் அலறல் கேட்கும்.

பயந்தீர்களா?
இல்லை. எந்தப் பாதி என்று கேட்டேன்.
முன்பாதியா பின்பாதியா.
இதுவரை யாரும் கேட்டதில்லை என்றாள்.

அதற்குப்பின் இரண்டுபேரும் பேசவில்லை.
காசு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் தம்பி லிபோரியுஸ் போன படகு
பாதிதான் கிடைத்தது.
லட்சத்தீவுக்கு மேற்கே, எஞ்சின் இருந்த பாதி.
பெயர் எழுதிய பாதி வரவில்லை.
அந்தப் பெயரை எழுதியது இவர்,
பச்சைப் பெயிண்டில், ஒரு எழுத்துப் பிழையோடு.
திருத்துகிறேன் திருத்துகிறேன் என்று
இரண்டு சீசன் தள்ளிப்போட்டார்.
அதன்பிறகு அவர் படகேறவில்லை.
விமானம் ஏறினார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்
அங்கே கல்லறைகளுக்கு மெழுகுதிரி வைப்பார்களாம்,
முழங்கால் ஆழம் பனியைத் தோண்டி.
உடல் வராதவர்களுக்கு
கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பொதுக்கல்.
நானும் ஒன்று வைத்தேன் என்றார்.

யாருக்கென்று கேட்கவில்லையா?
கேட்கவில்லை. நகர்ந்து இடம் விட்டார்கள்.

படம் வந்தது.
பனியில் ஒரு குழி, குழிக்குள் மஞ்சள் வெளிச்சம்,
ஓரத்தில் அவர் பூட்ஸின் நுனி.

கழுத்தில் துணி சுற்றிக்கொள்ளுங்கள் என்றேன்.
இதைவிட வேறு என்ன சொல்வது.
உலை கொதித்து மூடி தட்டியது.
எழுந்து உள்ளே போனேன்,
போன் கேரளத்தைப் பிடித்தது.