எழுபத்தைந்து சி

உறையில் கொட்டை எழுத்தில் எழுபத்தைந்து சி.
பெருக்கினால் நூற்று அறுபத்தைந்து ஆம்பியர்.
அதே பேட்டரியின் மஞ்சள் இணைப்பியில்
பொடி எழுத்தில் அறுபது.

ட்ஸித்ரா சிரிக்கவில்லை.
போன ஞாயிறு, வால்மியேரா திடலில்,
மேலேறிக்கொண்டிருந்த அவள் விமானம்
பாதி வானத்தில் மூச்சிரைத்து
பீட்ரூட் வயலில் மூக்கைப் புதைத்தது.

இன்று சமையல் தராசில் பேட்டரி.
நூற்று அறுபத்தெட்டு கிராம்.
"இந்த உடம்புக்கு அந்த வாய் அதிகம்"
என்கிறாள் இல்மார்ஸிடம்.
விற்றவன் அவன்தான்.
ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்க்கிறான்.

சுமை ஏற்றினாள்.
முப்பது ஆம்பியரில் நிமிர்ந்து நின்றது.
நாற்பத்து நான்கில் லேசாகக் குனிந்தது.
ஐம்பத்தைந்தில்
வோல்ட் சரிந்தது, தொட்ட விரல் சுட்டது.

வெள்ளைப் பட்டை கிழித்து ஒட்டி எழுதினாள்:
இருபது சி. அக்டோபர் ஒன்பது.
அடுப்பெரியும் அறையில்.

"பொய் என்று எழுதவில்லையா?"
"இருபது வரைக்கும்
இது சொன்ன சொல் தவறவில்லையே."

அவன் பாதிப் பணத்தை மேசையில் வைத்தான்.
அவள் எண்ணிப் பார்த்துதான் எடுத்தாள்.

கதவைத் திறந்தாள். வெளியே இரண்டு டிகிரி.
பையில், அவள் கையால் எழுதிய எண்ணும்
மெல்லக் குளிரத் தொடங்கியது.